பிராசசர் மாற்றிய பின் 90 டிகிரி: ஒரு கணினியின் வெப்பக் கணக்கு

திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் மதுரை ஸ்டுடியோ ஒன்றின் கணினி இது. 2019-இல் பி450 மதர்போர்டும் ஏஎம்டி ரைசன் 5 2600 பிராசசரும் போட்டு அமைத்தது. முகூர்த்த மாதங்களில் வேலை குவியத் தொடங்கியதும், மதர்போர்டையும் கேபினட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு பிராசசரை மட்டும் ரைசன் 7 5800எக்ஸ் ஆக மாற்றினார்கள். ஏஎம்4 சாக்கெட்டின் பெரிய வசதியே இதுதான். போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால் பழைய போர்டிலேயே புதிய பிராசசர் உட்கார்ந்துவிடும். பழைய பிராசசரின் பெட்டியில் ரெய்த் ஸ்டெல்த் என்ற சிறிய கூலர் வந்திருந்தது. 5800எக்ஸ் பெட்டியில் கூலரே வராது. எனவே பிராசசரை மாற்றிக் கொடுத்த கடையில், நான்கு ஹீட்பைப்புகளும் (வெப்பத்தைக் கடத்தும் உலோகக் குழாய்கள்) ஒரு 120 மி.மீ. விசிறியும் கொண்ட டவர் கூலர் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள்.

மறுநாளே புகார். தொகுத்த வீடியோவைக் கோப்பாக மாற்ற எக்ஸ்போர்ட் கொடுத்த சில நொடிகளில் பிராசசர் 90 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வேலை முடியும்வரை இறங்கவேயில்லை. விசிறி முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது. எந்த வேலையும் இல்லாதபோதுகூட எண் 45-க்கும் 62-க்கும் இடையே துள்ளியது. பழைய பிராசசரோ இதே வேலையில் 75-ஐத் தாண்டியதில்லை. கடையில் கிடைத்த பதில், 360 மி.மீ. திரவக் கூலர் வாங்கிப் போடுங்கள் என்பது. அவ்வளவு செலவு செய்வதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கணினியை என்னிடம் கொண்டுவந்தார் ஸ்டுடியோ உரிமையாளர்.

இந்த வகைப் புகார்களில் திரும்பத் திரும்ப ஒரே குறையைப் பார்க்கிறேன். வெப்பநிலை என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறார்கள். பிராசசர் அந்த நேரத்தில் எத்தனை வாட் இழுக்கிறது, எந்த கிளாக் வேகத்தில் ஓடுகிறது, அறையின் வெப்பம் என்ன என்ற மூன்றும் கூடவே தெரியாவிட்டால், 90 என்ற எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. இந்தக் கணினி அதற்கு நல்ல சான்று.

எந்த எண்ணைப் பார்ப்பது

எச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளைத் திறந்தால் 'சிபியு' என்ற பெயரில் பல எண்கள் வரிசையாக நிற்கும். மதர்போர்டு சாக்கெட் பகுதியின் உணரி தருவது ஒன்று. பிராசசர் தானே தன்னைப் பற்றிச் சொல்வது இன்னொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது, டிசிடிஎல் என்று குறிக்கப்படுவது. பழைய ரைசன்களோடு ஒப்பிடும்போது இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகியவற்றில் உண்மை வெப்பத்தோடு 20 டிகிரியும், 2700எக்ஸில் 10 டிகிரியும் வேண்டுமென்றே கூட்டிக் காட்டுவார்கள். 2600-இலும் 5800எக்ஸிலும் அந்தக் கூட்டல் இல்லை. ஆகவே உரிமையாளர் சொன்ன 75, 90 என்ற இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

வாட் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. மின்னோட்டத்தின் அளவை மதர்போர்டுதான் பிராசசருக்குச் சொல்கிறது. அது குறைத்துச் சொன்னால், பிராசசர் திரையில் காட்டுவதைவிட அதிகமாக இழுக்கும். இதைச் சரிபார்க்க அதே மென்பொருளில் ஒரு விலகல் சதவீதம் உண்டு. முழுச் சுமையில் அது 100-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இந்தப் போர்டில் அப்படியே இருந்தது.

கேபினட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு சாதாரண வெப்பமானியை வைத்தேன். அறையில் 33 டிகிரி. கூலரின் விசிறியை முழு வேகத்திலேயே ஓடும்படி வைத்துவிட்டு, பிராசசருக்கு முழுச் சுமை கொடுத்து மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் ஆர்23 சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். 90 டிகிரி, 104 வாட், கிளாக் 4.3 கிகாஹெர்ட்ஸ்.

இந்த 104-தான் எனக்குக் கிடைத்த முதல் துப்பு. 5800எக்ஸின் பெட்டியில் 105 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், தொழிற்சாலை அமைப்பில் அதன் மின் வரம்பு 142 வாட். அதை எட்டுவதற்கு வெகு முன்பே 90 டிகிரி என்ற வெப்ப வரம்பில் முட்டிக்கொண்டு, பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. எரிந்துபோகும் ஆபத்து எதுவும் இல்லை. அந்த வரம்பு காப்பதற்காகவே வைக்கப்பட்டது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு கைக்கு வரவில்லை.

இரண்டு பிராசசர்களும் ஒன்றல்ல

பழையது 75-இல் நின்றதே, புதியது ஏன் 90 என்ற கேள்வி நியாயமானது. ரைசன் 5 2600-இன் மின் வரம்பு 88 வாட். அந்த வெப்பம் முழுவதும் சுமார் 213 சதுர மி.மீ. பரப்புள்ள ஒரே சில்லில் பரவியிருந்தது. 5800எக்ஸின் உள்ளே இரண்டு சில்லுகள். கணக்கிடும் பகுதிகளான எட்டு கோர்களும் சுமார் 81 சதுர மி.மீ. பரப்புள்ள சிறிய சில்லில் அடைபட்டிருக்கின்றன. நினைவகம் முதலியவற்றோடு பேசும் சில்லு தனியாகப் பக்கத்தில் இருக்கிறது. 142 வாட்டில் பெரும்பகுதி அந்தச் சிறிய சில்லிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு சதுர மி.மீட்டருக்குக் கணக்கிட்டால் பழையதைவிட மூன்று மடங்குக்கும் மேல். போதாததற்கு, அந்தச் சில்லு பிராசசரின் மேலுள்ள உலோக மூடியின் நடுவில் இல்லை, ஓரமாக இருக்கிறது. அடிப்பாகத்தில் ஹீட்பைப்புகளே நேரடியாகப் பிராசசரைத் தொடும் வகைக் கூலரில், நான்கு குழாய்களும் சமமாக வெப்பத்தை வாங்குவதில்லை.

ஆக, நல்ல கூலர் போட்டாலும் 5800எக்ஸ் பழையதைவிடச் சூடாகத்தான் ஓடும். இரண்டு பிராசசர்களிலும் மூடிக்குக் கீழே ஈயம் பற்றவைத்ததுபோல உலோகத்தால்தான் இணைத்திருக்கிறார்கள் என்பதால், உள்ளே பேஸ்ட் (இரண்டு பரப்புகளுக்கு இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசும் பசை) காய்ந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

வேலை இல்லாதபோது எண் துள்ளுவதும் இதனால்தான். பின்னணியில் ஏதோ ஒரு சிறு வேலை வந்தால், பிராசசர் ஒரு கோரை மட்டும் உயர்ந்த மின்னழுத்தத்தில் 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை எழுப்பி, முடித்துவிட்டு உடனே அணைக்கிறது. சிறிய சில்லு என்பதால் அந்த அரை நொடியிலேயே பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கும். பழுது எதுவும் இல்லை. தொந்தரவு விசிறிச் சத்தம் மட்டுமே. பயாஸைப் புதுப்பித்தபோது பழைய விசிறி அமைப்பு அழிந்து, தொழிற்சாலை அமைப்பு திரும்ப வந்திருந்தது. வெப்பம் ஏறியதும் சில நொடிகள் பொறுத்துவிட்டு வேகம் எடுக்கும்படி விசிறியை அமைத்ததும் அந்தப் புகார் தீர்ந்தது.

முதல் நொடி சொல்லும் சேதி

எண் எங்கே போய் நிற்கிறது என்பதைவிட, எவ்வளவு வேகமாக அங்கே போகிறது என்பதைக் கவனிப்பது என் வழக்கம். சில்லில் பிறந்த வெப்பம் மூடி, பேஸ்ட், கூலரின் அடிப்பாகம், ஹீட்பைப், தகடுகள், கேபினட் காற்று, அறைக் காற்று என்று வரிசையாகக் கடக்க வேண்டும். இவற்றில் முதல் சில கட்டங்கள் ஓரிரு நொடிகளில் சமநிலைக்கு வந்துவிடும். கூலரின் உலோகத் தகடுகளின் தொகுதியான ஹீட்சிங்க் சூடாகச் சில நிமிடங்கள் ஆகும். கேபினட்டின் உள்காற்று சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். எனவே சுமை கொடுத்ததுமே சட்டென்று உச்சத்தைத் தொட்டால் பிராசசரும் கூலரும் சேரும் இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். மூன்று நான்கு நிமிடங்களில் மெல்ல ஏறினால் கூலரின் கொள்ளளவு போதவில்லை. கால் மணி நேரத்துக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால் கேபினட்டில் காற்றோட்டம் இல்லை.

இங்கே சுமை கொடுத்ததும் 50-லிருந்து 85-க்கு ஒரே தாவல், அடுத்த சில நொடிகளில் 90. அந்த நேரத்தில் ஹீட்சிங்கின் தகடுகளைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தன. ஹீட்பைப் அடிப்பாகத்திலிருந்து வெளிவரும் வளைவிலும் சுடவில்லை. அடுப்பு முழுவதும் எரிந்தும் பாத்திரம் சூடேறவில்லை என்றால், பாத்திரம் அடுப்பில் சரியாக உட்காரவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த இடத்தில் பலரும் முதலில் நினைப்பது, கூலரின் அடியில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் விட்டிருப்பார்களோ என்று. அடிக்கடி நடக்கிற காரியம்தான். கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கழற்றுவதிலும் ஓர் எச்சரிக்கை. ஏஎம்4 பிராசசர்களில் பின்கள் பிராசசரின் அடியிலேயே இருக்கின்றன, 1331 பின்கள். பேஸ்ட் இறுகியிருக்கும்போது கூலரை நேராகத் தூக்கினால், லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் அதோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டை விட்டு வெளியே வந்துவிடும். பின்கள் வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. பத்து நிமிடம் சுமை கொடுத்துச் சூடாக்கி, கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கூலரை மெல்ல இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் தாள் இல்லை. பேஸ்ட் போதிய அளவு இருந்தது. ஆனால் அதன் அச்சு கோணலாக இருந்தது. மூடியின் ஒரு பக்கத்தில் உலோகம் தெரியும் அளவுக்குப் பேஸ்ட் நசுங்கிப் பிதுங்கியிருக்க, எதிர் மூலையில் சாம்பல் நிறத்தில் தடிப்பாக, அழுத்தமே படாமல் அப்படியே இருந்தது. கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

காரணம் மதர்போர்டில் இருந்தது. ரெய்த் ஸ்டெல்த் கூலரின் நான்கு ஸ்பிரிங் திருகுகளும் போர்டுக்குப் பின்னால் உள்ள உலோகத் தட்டில் நேரடியாக ஏறும். அதைப் பொருத்துவதற்காக, போர்டோடு வரும் இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் தாங்கிகளையும் கழற்றிவிடுவார்கள். புதிய டவர் கூலரின் கொக்கியோ அந்தத் தாங்கிகளில்தான் மாட்டும். எனவே அவற்றைத் திரும்பப் பூட்ட வேண்டியிருந்திருக்கிறது. திருகுகள் கழன்றதும் பின்தட்டுக்குப் பிடிப்பே கிடையாது. கையால் தாங்காவிட்டால் பின்னால் விழுந்துவிடும். போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுக்காமல், ஒரு கை பின்னால் தட்டைப் பிடிக்க, மறு கை முன்னால் திருகை ஏற்றும் வேலை அது. நான்கில் ஒரு திருகு சாய்வாக ஏறி, பாதியில் இறுகி நின்றிருந்தது. தாங்கியின் அந்த மூலை போர்டிலிருந்து தூக்கலாக இருந்தது. விரலால் அழுத்தினால் ஆடியது.

போர்டை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். நான்கு திருகுகளையும் கழற்றி, பின்தட்டை நேராக்கி, எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக ஏற்றிப் பூட்டினேன். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்தேன். இந்த வகைக் கூலரின் அடிப்பாகத்தில் குழாய்களுக்கு இடையே மெல்லிய பள்ளங்கள் இருக்கும். அவற்றை முதலில் பேஸ்ட்டால் நிரவிவிட்டு, பிறகு மூடியின் மேல் வழக்கம்போல வைத்தேன். எந்த நிறுவனத்துப் பேஸ்ட் என்பது ஓரிரண்டு டிகிரி வேறுபாட்டைத் தரும், அவ்வளவே. அழுத்தம் சமமாக இல்லாவிட்டால் எந்தப் பேஸ்ட்டும் காப்பாற்றாது.

"இப்போதும் 90 தானே காட்டுகிறது?"

மறுபடியும் அதே சோதனை, அதே அறை, அதே விசிறி வேகம். நான்கு நிமிடங்களில் திரையில் 90. பக்கத்தில் நின்றிருந்த உரிமையாளரின் முகம் வாடியது. "சார், எல்லாம் கழற்றி மாட்டியும் இப்போதும் 90 தானே காட்டுகிறது?" என்று கேட்டார்.

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை. வாட் இப்போது 127. கிளாக் 4.45 கிகாஹெர்ட்ஸ். வெப்பத்துக்கு இடம் இருக்கும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது இந்தத் தலைமுறைப் பிராசசரின் இயல்பு. கூலர் கூடுதலாக 23 வாட்டைச் சுமக்கத் தொடங்கியதும், பிராசசர் அதை உடனே வேகமாக மாற்றிக்கொண்டது. வேகம் கூடியிருப்பதை சினிபெஞ்ச் மதிப்பெண்ணும் காட்டியது: 14,200 இருந்தது 14,700 ஆனது.

இதை ஒரே எண்ணில் பார்க்க எளிய வழி உண்டு. பிராசசரின் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, வாட்டால் வகுக்க வேண்டும். முன்பு 57-ஐ 104-ஆல் வகுத்தால் 0.55. இப்போது 57-ஐ 127-ஆல் வகுத்தால் 0.45. ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதுதான் இதன் பொருள். துல்லியமான ஆய்வகக் கணக்கு இல்லை என்றாலும், ஒரே கணினியில் முன்னும் பின்னும் ஒப்பிட இதைவிட நம்பகமான அளவு வேறு இல்லை என்பேன். உரிமையாளருக்கு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் புரிந்தது.

திரவக் கூலர் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே அதை வாங்கிப் பொருத்தியிருந்தால் வெப்பம் இறங்கியிருக்கும். அதைப் பொருத்துவதற்காகப் பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றி, பின்தட்டைப் புதிதாகப் பூட்டியிருப்பார்கள். சாய்ந்த திருகும் தானாகவே சரியாகியிருக்கும். பாராட்டு முழுவதும் விலை உயர்ந்த கூலருக்குப் போயிருக்கும். பழுது எங்கே இருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். இப்படித்தான் பலரும் தேவையில்லாமல் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

கேபினட்

அடுத்தது காற்று. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. காற்று நுழைய ஓரங்களில் விரல் நுழையாத அளவு இடுக்கு மட்டும். உள்ளே காற்றை இழுக்கும் விசிறி ஒன்றுகூட இல்லை, பின்னால் வெளியேற்றும் விசிறி ஒன்றுதான். முன்பக்க வடிகட்டியில் தூசி கம்பளம்போல் படிந்திருந்தது. பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் வாட் உடனே ஏறியது. கூலருக்குச் சூடான காற்றுதான் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதற்கு அது போதிய சான்று. கதவைத் திறந்தே வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தெருப்பக்கம் இருக்கும் கடையில் ஒரே மாதத்தில் தூசி அடைத்துவிடும்.

வடிகட்டியைக் கழுவி, முன்பக்கம் இரண்டு 120 மி.மீ. விசிறிகளை உள்ளிழுக்கும் திசையில் மாட்டினோம். கண்ணாடித் தகட்டைச் சிறு இடைக்கட்டைகள் வைத்துச் சற்று முன்னுக்குத் தள்ளினோம். கதவு மூடிய நிலையிலேயே 89 டிகிரி, 138 வாட். கணக்கு 0.41-க்கு இறங்கியது.

இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. பழைய ஸ்டெல்த் கூலர் காற்றை மதர்போர்டை நோக்கிக் கீழே ஊதும். பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பாகங்களும் அந்தக் காற்றில் குளிர்ந்தன. டவர் கூலர் பக்கவாட்டில் ஊதுவதால் அந்தப் பகுதிக்குக் காற்று நின்றுபோயிருந்தது. விலை குறைந்த பி450 போர்டுகளில் அந்தப் பாகங்களின் மேல் பெரிய ஹீட்சிங்க் இருக்காது. பிராசசரின் மின் தேவையும் கூடி, காற்றும் நின்றால் அவை தாங்குவது கடினம். முன்விசிறிகள் வந்த பிறகு அந்தப் பகுதியின் வெப்பமும் நன்றாகவே இறங்கியது.

வாட்டுக்கு ஒரு வரம்பு

138 வாட்டில் 89 டிகிரி என்பது 33 டிகிரி அறையில். அக்கினி நட்சத்திர நாட்களில், குளிர்சாதனம் இல்லாத அந்த அறை 38-ஐத் தொடும். அறையில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் அப்படியே பிராசசரிலும் ஏறும். வெளிநாட்டு மதிப்பீடுகளில் இதே கூலர், இதே பிராசசருக்கு 78 டிகிரி என்று காட்டினால், அவர்கள் சோதித்தது 21, 22 டிகிரி அறையாக இருக்கலாம். அந்த எண்ணை நம் ஊரில் எதிர்பார்த்துவிட்டு, வாங்கிய பொருள் மட்டம் என்று நொந்துகொள்வதில் பொருளில்லை.

எனவே பயாஸில் மின் வரம்பை 115 வாட்டாகக் குறைத்தேன். எந்த வேகத்துக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்று சொல்லும் வளைவை எல்லாக் கோர்களுக்கும் 15 படிகள் கீழிறக்கினேன். இந்த இரண்டாவது மாற்றத்தில் நிதானம் வேண்டும். அளவுக்கு மீறி இறக்கினால் முழுச் சுமையில் எதுவும் தெரியாது. கணினி சும்மா இருக்கும்போதோ ஒற்றைக் கோர் வேலையிலோ திடீரென்று அணைந்து மறுபடி தொடங்கும். அதனால் ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சோதிக்கும் மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டேன். தொகுத்த வீடியோ பாதியில் அழிந்தால் வாடிக்கையாளரின் கல்யாணத்தையா திரும்ப நடத்த முடியும்?

முடிவில் 33 டிகிரி அறையில் 80 டிகிரி, 115 வாட், 4.5 கிகாஹெர்ட்ஸ், சினிபெஞ்சில் 14,900. தொடக்கத்தில் 90 டிகிரியில் கிடைத்ததைவிட வேகம் அதிகம், விசிறிச் சத்தம் குறைவு. 88 வாட் என்ற சிக்கன அமைப்பும் பயாஸில் இருக்கிறது. அதில் வெப்பம் இன்னும் இறங்கும். மதிப்பெண் 13,700-க்கு வந்ததால் உரிமையாளர் வேண்டாம் என்றார்.

வேறு பிராசசர்களுக்கு இதே எண்களைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. ரைசன் 7000 வரிசையில் முழுச் சுமையில் 95 டிகிரியில் ஓடுவதையே இயல்பு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல்லின் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளில் சாக்கெட்டின் பூட்டு நீளவாட்டுப் பிராசசரை நடுவில் அழுத்துவதால் மூடி லேசாக வளைந்து, கூலர் சரியாகப் படியாமல் போவது உண்டு. அங்கே பேஸ்ட்டின் அச்சு ஓரங்களில் நசுங்கி நடுவில் தடித்திருக்கும். கழற்றியதும் துடைத்துவிடாமல் முதலில் அந்த அச்சைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணினியில் இன்னும் ஒரு விஷயம் பாக்கி. சினிபெஞ்ச் பிராசசரை மட்டுமே வாட்டுகிறது. உண்மையான எக்ஸ்போர்ட்டில் 125 வாட் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து ஓடி, தன் சூட்டையும் கேபினட்டுக்குள்ளேயே விடுகிறது. இரண்டும் சேர்ந்து ஓடிய ஒரு மணி நேர எக்ஸ்போர்ட்டில் பிராசசர் 84 வரை போனது. கோடைக்கென்று 105 வாட் வரம்புடன் இன்னொரு அமைப்பையும் பயாஸில் சேமித்துக் கொடுத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததும் அதற்கு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மாதம் ஒருமுறை முன்பக்க வடிகட்டியைக் கழுவவும்.